ஒரே புத்தகத்தில் முடிகிற மாயக்கதை

ஐந்தாறு பாகங்கள் ஓடும் மாயப் புனைவுகளை இப்போதெல்லாம் நான் தொடுவதே இல்லை. இரண்டாம் பாகத்துக்கு வருவதற்குள் முதல் பாகத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்பது மறந்துவிடுகிறது. அப்படி ஒரே நாவலில் முடிகிற கதையாகத் தேடியபோது கிடைத்ததுதான் சுசானா கிளார்க்கின் ‘பிரனேசி’. 2020இல் வெளியாகி, அடுத்த ஆண்டு, பெண்கள் ஆங்கிலத்தில் எழுதும் நாவல்களுக்குத் தரப்படும் பிரிட்டன் பரிசான விமன்ஸ் பிரைஸ் வாங்கியது.

முடிவே இல்லாத கூடங்கள் கொண்ட ஒரு வீடு. கீழே கடல், மேலே மேகம், நடுவில் ஆயிரக்கணக்கான சிலைகள். அங்கே வாழும் ஒருவனின் நாட்குறிப்புகள்தான் நாவல். கடல் ஏறி இறங்கும் நேரத்தைக் கணக்குப் போட்டு வைக்கிறான். யாரென்றே தெரியாத எலும்புக்கூடுகளுக்கு அல்லிப்பூ கொண்டுபோய் வைக்கிறான். ஆல்பட்ராஸ் பறவைகள் கூடு கட்டுவதற்காக, குளிருக்கு எரிக்கச் சேர்த்து வைத்திருந்த காய்ந்த கடற்பாசியை எடுத்துக் கொடுத்துவிடுகிறான். அந்த இடத்தில் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு நல்ல மனதுள்ள ஒரு கதைசொல்லியைப் படித்து எத்தனை நாளாயிற்று!

ஆரம்பப் பக்கங்களில் கூடங்களின் பெயர்களும் திசைகளும் குழப்பும். சரி, போகட்டும் என்று மேலே படியுங்கள். வாரம் இருமுறை அவனைச் சந்திக்க வரும் அந்த இன்னொருவர் மீது சந்தேகம் வந்த பிறகு என்னால் கீழே வைக்க முடியவில்லை. பின்னட்டையை மட்டும் முதலில் படிக்காதீர்கள்.

முடித்த மறுநாளே முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கிவிட்டேன்.