பெங்களூரில் லீசுக்கு வீடு பார்க்கிறவர்கள் கவனத்துக்கு

"மாத வாடகையே கிடையாது, மொத்தமாக ஒரு தொகை கட்டுங்கள், காலி செய்யும்போது அப்படியே திருப்பித் தருகிறோம்" என்று வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு கம்பெனி நின்று சொன்னால், தயவுசெய்து பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் குடும்பத்தின் 14 லட்சம் ரூபாய் இந்த வழியில்தான் போனது. எங்களைப் போலவே இன்னும் பல குடும்பங்கள் அதே கம்பெனியிடம் பணம் கட்டிவிட்டு நிற்கின்றன.

ஊரில் ஒத்தி, போக்கியம் என்கிறோமே, அதைத்தான் இங்கே லீசு என்கிறார்கள். மகள் கல்யாணம், பழைய கடன், மேல்மாடி கட்டுவது என்று வீட்டுக்காரருக்கு ஒரே நேரத்தில் பெரிய தொகை தேவைப்படும். நாம் அதைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்போம். அவருக்கு வட்டி மிச்சம், நமக்கு வாடகை மிச்சம். அல்சூர், ஸ்ரீராமபுரம், லிங்கராஜபுரம் பக்கம் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இப்படி இருந்து, பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, சொந்த வீடு கட்டிப் போயிருக்கிறார்கள். ஏற்பாட்டில் தவறு இல்லை. அதற்குள் நுழைந்த கம்பெனிகள்தான் ஆபத்து.

நாங்கள் ஈஜிபுராவில் வாடகைக்கு இருந்தோம். 2022இல் ஐ.டி. கம்பெனிக்காரர்கள் அலுவலகத்துக்குத் திரும்ப ஆரம்பித்ததும் கோரமங்களா பக்கம் வாடகை ஏறியது. அந்த ஏற்றம் அடுத்த தெருவில் இருக்கும் எங்களையும் விடவில்லை. நான் கார்மெண்ட்ஸில் சூப்பர்வைசர். கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையில் விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். புது வீட்டுக்குப் போனால் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது இந்த ஊர் வழக்கம். 2021இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம், குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ஆனால் மாநிலங்கள் தனியாகச் சட்டம் போட்டால்தான் அது நடைமுறைக்கு வரும். இந்த நிலையில் வாடகையில்லாத வீடு என்றால் யாருக்கும் ஆசை வரும்.

கணவருக்கு வந்த விருப்ப ஓய்வுப் பணம் கொஞ்சம் இருந்தது. அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடியபோது கிடைத்த பணத்தில் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு சின்ன மனை வாங்கிப் போட்டிருந்தார். அதையும் விற்றுச் சேர்த்ததுதான் இந்த 14 லட்சம்.

கம்பெனி ஆள் நல்ல தமிழில் பேசினான். "அக்கா, வீட்டுக்காரம்மா வயசானவங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் பேச முடியாதுன்னு பொறுப்பை எங்ககிட்ட விட்டிருக்காங்க. நீங்க அவங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம், எதுன்னாலும் எனக்கு போன் பண்ணுங்க" என்றான். பதினோரு மாத ஒப்பந்தம், முத்திரைத்தாள், கம்பெனி சீல் எல்லாம் இருந்தது. வீட்டுக்காரரின் கையெழுத்து மட்டும் எங்கேயும் இல்லை. அவர் கொடுத்த அதிகாரப் பத்திரம் என்று ஒரு ஜெராக்ஸைக் காட்டினான்.

பணத்தைக் கட்டிக் குடியேறிய பிறகு ஒருநாள் அந்த வீட்டுக்காரம்மாவே வந்து கதவைத் தட்டினார். "மூணு மாசமா வாடகை வரலையேம்மா, என்ன விஷயம்?" என்று கன்னடத்தில் கேட்டார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் லீசுப் பணம் கட்டியிருக்கிறோம் என்றதும் அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அவரிடம் இருந்த ஒப்பந்தத்தில், வீட்டைப் பராமரித்து மாதம் 26,000 ரூபாய் வாடகை வாங்கித் தருவதாகத்தான் கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. லீசு என்ற பேச்சே அதில் இல்லை.

இந்தக் கணக்கை எல்லோரும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். மாதம் 26,000 என்றால் வருடத்துக்கு 3,12,000. எங்களிடம் வாங்கிய 14 லட்சத்தை வைத்துக்கொண்டு அதைக் கொடுக்க வேண்டுமென்றால், அந்தப் பணம் வருடத்துக்கு 22 சதவீதத்துக்கு மேல் சம்பாதிக்க வேண்டும். வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டால் மாதம் எட்டாயிரத்துச் சொச்சம்தான் வரும். மீதி 18,000 எங்கிருந்து வரும்? அடுத்த வீட்டில் குடியேறுகிறவரின் லீசுப் பணத்திலிருந்துதான். அவர் வீட்டு வாடகைக்கு அதற்கடுத்தவர் பணம். புது ஆள் வருவது குறைந்த மாதத்தில் எல்லாம் ஒரேயடியாக நின்றுபோகும். வாடகையில்லாத வீடு என்று ஒன்று கிடையாது. யாரோ ஒருவர் அந்த வாடகையைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். அது யார், எந்தப் பணத்திலிருந்து என்று கேளுங்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் முதலில் "இது சிவில் விஷயம், கோர்ட்டுக்குப் போங்க" என்றார்கள். இதைக் கேட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். ஒரே மாதிரி பலரிடம் பணம் வாங்கியிருந்தால், ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்று காட்ட முடியும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சம்ஹிதையில் மோசடிக்கு 318ஆம் பிரிவும், நம்பிக்கை மோசடிக்கு 316ஆம் பிரிவும் இருக்கின்றன. பாதிக்கப்பட்டவர்கள் ஒன்றாகப் போன பிறகுதான் எங்கள் புகாரைப் பதிவு செய்தார்கள். பணம் இன்னும் வரவில்லை.

எனக்கு இதில் அதிகம் வலிப்பது வேறு. அந்த அம்மாவுக்குப் பென்ஷன் கிடையாது, இந்த வாடகைதான் சாப்பாடு. அவருக்கு வீடு வேண்டும், எங்களுக்குப் பணம் வேண்டும். இரண்டு பேரும் கஷ்டப்பட்டவர்கள். எங்களை எதிரெதிரே நிறுத்திவிட்டுப் பணத்தை எடுத்தவன் போய்விட்டான். எங்கள் வக்கீலும் அவர் வக்கீலும் இப்போது நோட்டீஸ் அனுப்பிக்கொள்கிறார்கள்.

லீசுதான் வேண்டும் என்றால் வீட்டுக்காரரை நேரில் பாருங்கள், அவர் வீட்டுக்கே போய்ப் பேசுங்கள். கிரயப் பத்திரத்தின் அசலைக் கண்ணால் பாருங்கள். அசல் வங்கியில் இருக்கிறது என்றால் வீட்டின் மேல் கடன் இருக்கிறது. அந்தக் கடனுக்கான தவணை நின்றுபோனால், வாராக்கடனை வசூலிக்க வங்கிகளுக்கு இருக்கும் சர்ஃபேசி சட்டப்படி வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளும், பதிவு செய்யாத காகிதத்தை வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. கர்நாடகப் பதிவுத் துறையின் காவேரி இணையதளத்தில், வீட்டின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டும் வில்லங்கச் சான்றை எடுத்துவிடுங்கள். காத்தாவும் (சொத்து வரிக்காக உள்ளாட்சியில் இருக்கும் சொத்துப் பதிவு) வரி ரசீதும் வீட்டுக்காரரின் அதே பெயரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பணத்தை அந்தப் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள்.

அப்புறம் பதிவு. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்கிறது. அதைத் தவிர்க்கத்தான் எல்லோரும் பதினோரு மாதம் என்று எழுதுகிறார்கள். சில ஆயிரம் வாடகைக்கு அது சரி, லட்சக்கணக்கில் கொடுக்கும்போது சரி வராது. சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 58ஆம் பிரிவில் உள்ள அனுபவ அடமானமாக (பணம் கொடுத்தவர், அது திரும்பி வரும்வரை வீட்டை அனுபவிக்கும் அடமானம்) எழுதி, சார்பதிவாளர் முன்னால் வீட்டுக்காரரே வந்து கையெழுத்துப் போட்டால், உங்கள் பணம் வில்லங்கச் சான்றில் ஏறும். செலவாகும் என்று தட்டிக் கழித்தால் வேறு வீடு பாருங்கள்.

ஏற்கெனவே இப்படி ஒரு கம்பெனியிடம் பணம் கட்டியிருப்பவர்கள் இந்த வாரமே வீட்டுக்காரரைத் தேடிப் பேசுங்கள், அவருக்கு வாடகை ஒழுங்காகப் போகிறதா என்று கேளுங்கள். பணம் அனுப்பிய வங்கி அறிக்கை, வாட்ஸ்ஆப் உரையாடல், ஒப்பந்தத்தின் அசல் எதையும் தொலைத்துவிடாதீர்கள். "புதுப்பிக்கிறோம், பழைய ஒப்பந்தத்தைக் கொடுங்கள்" என்று கம்பெனி ஆள் வந்து கேட்டால் நகலை மட்டும் கொடுங்கள்.