பொயிண்ட் 22 விசை: அராவுவதா, அப்படியே மாற்றுவதா?

பொயிண்ட் 22, அதாவது 0.22 அங்குலத் தோட்டா சுடும் ருகர் 10/22 ரைஃபிளின் எடை ஏறக்குறைய 5 இறாத்தல். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதன் விசையை இழுக்க 6 இறாத்தல் அளவுக்குப் பலம் வேண்டும். ஆறு இறாத்தல் பாணை ஒரு பையில் போட்டு ஆட்காட்டி விரலில் தூக்கிப் பாருங்கள், சுடும் நேரத்தில் குறி ஏன் ஆடுகிறது என்று விளங்கும்.

கனடாவில் இருக்கும் என் பெறாமகன் அங்கே லைசென்ஸ் எடுத்து ஒரு கிளப்பில் இலக்குச் சுடுகிறவன். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது கேட்டான்: "சித்தப்பா, நீங்கள் கடைச்சல் பட்டறை வைச்சிருக்கிற ஆள். இந்த விசையை நானே அராவினால் என்ன?" போனில் தன் ருகர் 10/22இன் படங்களைக் காட்டினான். துப்பாக்கி அங்கே. அனுமதிப்பத்திரம் இல்லாத துப்பாக்கியை இங்கே பட்டறைக்குள் எடுக்கவும் ஏலாது, 1916ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் இரும்பு எந்த நாட்டிலும் இரும்புதான்.

முதலில் அராவும் யோசனை. உள்ளே, தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசியை அடிக்கிற சுத்தியலை ஒரு சிறு கொக்கி பிடித்து நிற்கிறது. விசையை இழுக்கும்போது இரண்டு உலோக விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று உரசி விலகும். விரலில் தெரியும் சரசரப்பு அங்கேதான். எண்ணெய்க் கல்லால் மினுக்கினால் சரசரப்பு போகும், உண்மைதான். ஆனால் இப்படியான உறுப்புகள் பலவற்றில் மேல்தோல் மட்டும் கடினமாக்கிய உருக்கு. அந்தத் தோல் தேய்ந்து போனால் உள்ளே மெது உலோகம், கொஞ்ச நாளில் விளிம்பு மழுங்கிவிடும். அதைவிட மோசமானது கோணம். கொக்கி விளிம்பின் சாய்வு கொஞ்சம் பிசகினாலும், துப்பாக்கி கீழே தட்டுப்பட்ட அதிர்ச்சியில் சுத்தியல் தானாக விழக்கூடும். சரியான பிடிகருவியும் உருப்பெருக்கியும் இல்லாமல் கையால் அந்தக் கோணத்தைக் காப்பாற்றுவேன் என்று நான் சொல்லமாட்டேன். அதைத் தொழிலாகச் செய்கிறவர்களுக்கு விட்டுவிடலாம்.

ஸ்பிரிங்கை மாற்றுவது மலிவு. ஆனால் எந்த ஸ்பிரிங் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பொயிண்ட் 22 தோட்டாவில் தீமூட்டும் மருந்து நடுவில் இல்லை, அடியின் விளிம்புக்குள் இருக்கிறது. ஊசி அந்தப் பித்தளை விளிம்பை நசுக்கினால்தான் வெடிக்கும். விசை இலேசாகட்டும் என்று சுத்தியல் ஸ்பிரிங்கை வெட்டிக் குறைத்தால் அடி பலவீனமாகும், தோட்டா வெடிக்காமல் நிற்கும். விசையைத் திரும்பத் தள்ளும் ஸ்பிரிங்கை மட்டும் இலேசாக்கலாம், ஆனால் அதில் கிடைக்கும் நன்மை சிறிது. சரசரப்பு அப்படியே இருக்கும்.

சுத்தியலை மட்டும் மாற்றுவது நடுவழி. வோல்க்வார்ட்சன் போன்ற உதிரிப்பாகத் தயாரிப்பாளர்கள் துல்லியமாக வெட்டிய சுத்தியல் விற்கிறார்கள். கோணம் அவர்களே பார்த்தது என்பதால் ஸ்பிரிங்கின் பலத்தைக் குறைக்காமலே இழுவை குறைகிறது. குறை ஒன்றுதான்: விசைத் தொகுதியைப் பிரிக்கவேண்டும். உள்ளே சின்னச் சின்ன ஊசிகள், பாய்ந்து கட்டிலுக்கடியில் ஒளியும் ஸ்பிரிங்குகள். பொறுமை உள்ளவனுக்குச் சரி.

என் பெறாமகனுக்கு நான் காட்டிய வழி ருகரின் பிஎக்ஸ் விசைத் தொகுதி. கட்டையைக் கழற்றி, குறுக்கே நிற்கும் இரண்டு ஊசிகளைத் தள்ளினால் பழையது முழுதாக வெளியே வரும், புதியது உள்ளே போகும். இழுவை 2.5 முதல் 3 இறாத்தல் வரை. காசு கூட, ஆனால் பிழைவிட இடம் குறைவு.

புதிதாக வாங்குகிறவனாக இருந்தால் நான் வேறு சொல்லியிருப்பேன். செக் நாட்டின் சிஇசட் 457 கையால் போல்ட் இழுக்கும் ரகம். அதன் விசையில் பாரத்தையும் இழுவைத் தூரத்தையும் திருகாணியால் சரிசெய்யலாம். சவேஜ் நிறுவனத்தின் அக்யூட்ரிகரில் விசையின் நடுவே ஒரு மெல்லிய தகடு இருக்கும். அதை விரல் அழுத்தாமல் கொக்கி நழுவினால் தகடு தடுத்துவிடும். இலேசான விசைக்குப் பாதுகாப்பும் சேர்ந்து வருவது எனக்குப் பிடித்த வேலை.

எவ்வளவு இலேசாக்குவது? சர்வதேசப் போட்டியில் 10 மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கிக்கு ஆகக் குறைந்த இழுவை 500 கிராம், 50 மீற்றர் ரைஃபிளுக்கு அப்படி எல்லை இல்லை. ஆனாலும் சரசரக்கும் 2 இறாத்தலைவிட, கண்ணாடி முறிவதுபோல் ஒரேயடியாக விடுபடும் 3 இறாத்தல் மேல்.

எதை மாற்றினாலும், தோட்டாப் பெட்டியையும் தோட்டா நிற்கும் அறையையும் வெறுமையாக்கி, கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, சுத்தியலை ஏற்றி, பின்கட்டையை றப்பர்ச் சுத்தியலால் தட்டிப் பார்க்கவேண்டும். காவல் பொத்தானையும் போட்டுப் போட்டு எடுத்துப் பார்க்கவேண்டும். ஒரு தடவை உள்ளே உள்ள சுத்தியல் தானாக விழுந்தாலும் அந்த விசை பாவிக்க உதவாது.

அவன் பிஎக்ஸ் வாங்கிவிட்டான். பழைய தொகுதியை எறியாமல் எண்ணெய் பூசி வைக்கச் சொன்னேன். துப்பாக்கியை விற்கும்போது அதைத் திரும்பப் போட்டுக் கொடுத்துவிட்டு, பிஎக்ஸை அடுத்ததுக்கு வைத்துக்கொள்ளலாம்.