சவ ஊர்தியா, ஆம்புலன்ஸா: புதரில் கிடக்கும் காடிலாக்கில் எதை மீட்பது?

1960களின் அமெரிக்காவில் இரண்டும் ஒரே பட்டறையில்தான் பிறந்தன. ஓஹையோ மாநிலத்தின் பிக்குவாவில் மில்லர்-மீட்டியர், லைமாவில் சுப்பீரியர் என்ற பட்டறைகள் காடிலாக் என்ற சொகுசுக் காரின் நீண்ட அடிச்சட்டத்தை வாங்கி, அதன்மேல் சவ ஊர்தியும் கட்டின, ஆம்புலன்ஸும் கட்டின.

சவ ஊர்தி மெதுவாகவே ஓடிப் பழகியது. பெரும்பாலும் கொட்டகைக்குள் நின்றது. எஞ்சின் அதிகம் தேய்ந்திருக்காது. ஆனால் கூரையை வினைல் என்ற பிளாஸ்டிக் உறை மூடியிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ஓரங்களை விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே நொறுங்கும் சத்தம் கேட்டால், தேங்கிய நீர் தகட்டைத் தின்றுவிட்டது என்று பொருள்.

ஆம்புலன்ஸோ சைரன் அலற விரட்டப்பட்ட வண்டி. எஞ்சினும் பிரேக்கும் களைத்திருக்கும். சுழல் விளக்குக்காகக் கூரையில் போட்ட துளைகள் வழியாக மழைநீரும் இறங்கியிருக்கும். விளக்கு, சைரன் எல்லாம் முன்பே கழற்றி விற்கப்பட்டிருந்தால் தேடி அலைய வேண்டியதுதான்.

இரண்டிலும் எஞ்சினுக்கும் முன்பக்கத்துக்கும் சாதாரண காடிலாக்கின் உதிரிகள் பொருந்தும். பின்பக்கத் தகடும் கண்ணாடியும் பட்டறை செய்தவை. உடைந்தால் இன்னொரு வண்டியைத்தான் உரிக்க வேண்டும்.

இருந்தும் என் ஓட்டு ஆம்புலன்ஸுக்கே. 1970களில் புதிய அரசு விதிகள் வந்ததும் வேன்கள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன; கார் வடிவ ஆம்புலன்ஸ் வழக்கொழிந்தது. சவ ஊர்தியை இன்றும் செய்கிறார்கள். ஆனால் தரையில் சவப்பெட்டி உருளைகளும், அவற்றைப் புரட்டினால் ஸ்ட்ரெச்சருக்கான சமதளமும் கொண்ட இருபயன் வண்டி கிடைத்தால், துருவைப் பார்த்துத் தயங்க மாட்டேன்.