"போர்டு டெட்"னு சொன்னா அப்படியே நம்பிடாதீங்க, ரீடிங் கேளுங்க

மேக்புக் ஆன் ஆகலன்னு சர்வீஸுக்குத் தூக்கிட்டுப் போறவங்க இதப் படிச்சிட்டுப் போங்க, எனக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்கக் கூடாது.

ராத்திரி நல்லா இருந்த லேப்டாப், காலைல பவர் பட்டன அமுக்குனா ஒரு அசைவும் இல்ல. வேற சார்ஜர், வேற கேபிள், ஒவ்வொரு போர்ட்டா மாத்தி மாத்தி சொருகிப் பாத்தாச்சு. சார்ஜருக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல, எத்தன வோல்ட் போகுதுன்னு காட்டுற யூஎஸ்பி-சி மீட்டர் போட்டா 5 வோல்ட்லயே நிக்குது. நல்லா இருக்குற மெஷின்னா 5-ல ஆரம்பிச்சு சார்ஜர்கிட்ட கேட்டு வாங்கி 20 வோல்ட்டுக்கு ஏறிடும். ஏறலன்னா உள்ள எங்கயோ கோளாறு, அவ்ளோதான், லாஜிக் போர்டே, அதாவது லேப்டாப்போட மெயின் சர்க்யூட் போர்டே போச்சுன்னு அர்த்தம் இல்ல.

இத எல்லாம் சொல்லித்தான் கடைல குடுத்தேன். "லாஜிக் போர்டு டெட் சார், புதுசு மாத்தணும், டேட்டா வராது"ன்னு பதில். எந்த லைன்ல ஷார்ட் (கரண்ட் போக வேண்டிய எடத்துக்குப் போகாம நேரா கிரவுண்டுக்குப் பாயுறது), மீட்டர்ல என்ன ரீடிங் வந்துச்சுன்னு கேட்டா "சொன்னாலும் உங்களுக்குப் புரியாது சார்"ங்கறாங்க. செக் பண்ணதுக்குன்னு தனியா காசு வேற வாங்கிட்டாங்க, பில்லுல "சோதனை மட்டும்"னு எழுதியிருக்கு, இத ஞாபகம் வெச்சுக்கோங்க.

டேட்டாதான் எனக்குப் பெரிய பயம். ஆப்பிளோட டி2ங்கற பாதுகாப்பு சிப் இருக்குற 2018 மாடல் இது. இதுல ஃபைல் எல்லாம் இருக்குற எஸ்எஸ்டி தனியா கழட்டுற மாதிரி இல்ல, போர்டுலயே சால்டர் பண்ணிருக்கும், உள்ள இருக்குறத தொறக்குற சாவியும் அந்த டி2 சிப்லதான் இருக்கு. ஆப்பிளோட எம்1, எம்2 சிப் போட்ட லேப்டாப்லயும் இதே கதைதான். பேக்கப் இல்லாதவங்க போர்டு மாத்த தலையாட்டுனா மொத்த ஃபைலுக்கும் சேர்த்து தலையாட்டுறாங்கன்னு அர்த்தம், அத எந்தக் கடையும் நிதானமா உக்கார வெச்சு சொல்றதில்ல.

திருப்பி வாங்கிட்டு, சிப் லெவல்ல, அதாவது போர்டுல இருக்குற குட்டிக் குட்டி பார்ட்ட மட்டும் மாத்தி வேலை செய்யுற இன்னொருத்தர்கிட்ட போனேன். மனுசன் என் கண்ணு முன்னாடியே தொறந்தாரு. மெயின் பவர் லைன்ல 12 வோல்ட் சுமாருக்கு இருக்கணும், இங்க கிரவுண்டோட கிட்டத்தட்ட ஜீரோ ஓம், அதாவது நேரடி ஷார்ட். 1 வோல்ட் மட்டும் வெளில இருந்து குடுத்து தெர்மல் கேமராவப் புடிச்சாரு, கடுகு சைஸ் கெபாசிட்டர் ஒண்ணு மட்டும் பளிச்சுன்னு சுடுது. அத எடுத்ததும் ஷார்ட் போயிடுச்சு, சார்ஜர் போட்டா 20 வோல்ட், ஆப்பிள் லோகோ வந்துருச்சு.

ஆனா வயிறு எரிஞ்சது அதுக்கப்புறம்தான். மைக்ரோஸ்கோப்புல காட்டுறாரு, ஒரு பக்க போர்ட்டுகள கவனிக்கிற யூஎஸ்பி-சி கண்ட்ரோலர் சிப்ப சுத்தி ஃப்ளக்ஸ் (சால்டர் பண்ணும்போது தடவுற பசை) கருகி ஒட்டியிருக்கு, பக்கத்துல இருக்குற குட்டிப் பார்ட்டெல்லாம் எடம் நகர்ந்து கோணலா நிக்குது. எதையும் அளக்காம குருட்டாம்போக்குல ஹாட் ஏர் (சால்டர உருக்குற சூடான காத்து) அடிச்சிருக்காங்க! ஷார்ட் இருந்த கெபாசிட்டர் அங்க இருந்து ரொம்ப தூரம். "சோதனை மட்டும்"னு பில் போட்டவங்க வேலை இது. போன் பண்ணிக் கேட்டா "நாங்க தொடவே இல்ல"ன்னு கட் பண்ணிட்டாங்க.

அதனால குடுக்குறதுக்கு முன்னாடி அடிப்பக்க மூடிய தொறக்கச் சொல்லி கண்ணுக்குத் தெரியுற போர்டை முழுசா கிட்ட வெச்சு போட்டோ எடுத்துக்கோங்க, என்கிட்ட அது இல்லாததாலதான் அவங்க தைரியமா மறுக்குறாங்க. என்னைக் கேக்காம ஹீட் பண்ணக் கூடாதுன்னு லேப்டாப்ப வாங்கிக்கிட்டதுக்கு கடைல குடுக்குற ஜாப் ஷீட்டுலயே எழுதி வாங்குங்க. போர்டு மாத்தியே ஆகணும்னா பழைய போர்டு கைக்கு வரணும்னு முதல்லயே சொல்லிடுங்க, டேட்டா அதுலதான் இருக்கு.

என் ஃபைல் எல்லாம் கிடைச்சிருச்சு, உடனே வெளி டிரைவுக்கு காப்பி பண்ணிட்டேன். முதல் கடைல ஹாட் ஏர் அடிச்ச பக்கம் இருக்குற ரெண்டு போர்ட்டும் இன்னும் வேலை செய்யல, கண்ட்ரோலர் சிப்ப மாத்திப் பாக்கலாம்னு ரெண்டாவதா பாத்தவரு சொல்லிருக்காரு.