சிமுலேஷன் ஓட்டுவதா, கருவி செய்வதா?

வானியற்பியல் படித்துவிட்டு நிரலில் இறங்குபவருக்கு இரண்டு பாதைகள்: பிரபஞ்சத்தைக் கணினியில் உருவகப்படுத்தும் சிமுலேஷனை ஓட்டுவது; அல்லது அதன் தரவை அலசும் மென்பொருள் கருவியைச் செய்வது.

வானியற்பியலாளர் ஃபோல்கர் ஸ்பிரிங்கெல் முதல் வகை. ‘காட்ஜெட்’ என்ற சிமுலேஷன் நிரலை எழுதினார். அதன் ஒரு வடிவத்தில் ஓடிய மில்லேனியம் சிமுலேஷன் 2005-இல் வெளியானது. 1000 கோடிக்கும் மேற்பட்ட துகள்கள் ஈர்ப்பால் திரண்டு, கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருளின் (dark matter) வலைப்பின்னலைக் காட்டின. நிரலும் அவருடையது, அது தந்த அறிவியலிலும் அவருக்குப் பங்கு.

மேத்யூ டர்க் வேறு ரகம். ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்ட மாணவராக இருந்தபோது, சிமுலேஷன் தரவை அலசப் பைத்தான் நிரல்மொழியில் ‘ஒய்டி’ (yt) கருவியைத் தொடங்கினார். இன்று பல நிரல்களின் தரவையும் அது படிக்கும். ஆனால் பதவி உயர்வுக் குழு கேட்பது ஆய்வுக் கட்டுரைகளை. பிழைதிருத்தங்களை யார் எண்ணுகிறார்கள்?

வானியல் துறையிலேயே நிரந்தர வேலை வேண்டுமா? முதல் பாதைதான். அடுத்தவர் தரவோடு மல்லுக்கட்டுவதில் சுகம் காண்பவர் மட்டும் இரண்டாவதைத் தொடலாம்.