சீரியலா, சினிமாவா: முள்ளோடை தாண்டும்வரை ஒரு கணக்கு

போன வாரம் சென்னையிலிருந்து நண்பன் போன் செய்தான். ஒரு சீரியலில் அசோசியேட் டைரக்டராக இருக்கிறான். "வசனத்துக்கு ஒரு ஆள் வேணும்டா. தினமும் சீன் பேப்பர் எழுதணும். நீதான் வருஷக்கணக்கா எழுதறேன் எழுதறேன்னு சொல்லிட்டு இருக்கியே, வர்றியா?" என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பத்து நாள் கொடுத்தான்.

என் கையில் இருப்பது ஒரு சினிமாத் திரைக்கதை. சீன் ஆர்டர் போட்டதில் மொத்தம் 68 சீன். மூன்று வருடத்தில் 41 முடிந்திருக்கிறது. தானே புயலில் முந்திரித் தோப்பைப் பறிகொடுத்த பண்ருட்டிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் கதை. பகலில் புதுச்சேரியில் ஒரு டைல்ஸ் கடையில் பில் போடுகிறேன். வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். சீரியலுக்குப் போவதா, இந்த 27 சீனையும் முடித்துக்கொண்டு ஏதாவது ஒரு தயாரிப்பாளரின் வாசலில் நிற்பதா என்பதுதான் இப்போது கேள்வி.

சீரியல் எழுத்து என்றால் என்னவென்று எனக்குப் பாடம் எடுத்தது அம்மா. ஆறரை மணிக்கு டிவியைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அம்மா சீரியல் பார்ப்பதில்லை, கேட்கிறாள். இது எனக்கு உறைக்க இவ்வளவு வருடம் ஆயிற்று. ஒருநாள் நோட்டோடு உட்கார்ந்து ஒரு எபிசோடைப் பிரித்துப் போட்டேன். அரை மணி நேர ஸ்லாட். முன்கதை, டைட்டில், விளம்பரம் எல்லாம் போக இருபது நிமிடம் தேறியது. அதில் நான்கே சீன். மூன்று ஹாலில், ஒன்று போனில்.

அந்த ஹால் சீனில் மருமகள் கேட்கிறாள்: "அப்போ எங்க அம்மா போட்ட நகைப் பெட்டியை எடுத்தது நீங்கதானா அத்தை?" காகிதத்தில் படித்தால் சிரிப்பு வரும். நிஜத்தில் யாரும் இப்படி முழுசாகக் கேட்பதில்லை, "நீங்களா?" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு பீன்ஸ் நறுக்குகிற அம்மாவுக்கு அந்த ஒரு வரியில் யார் பேசுகிறாள், யாரிடம், என்ன காணாமல் போனது, அது யார் போட்டது என்று நான்கு செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. இடையில் குக்கர் விசில் அடித்தது. விளம்பரம் முடிந்ததும் அதே விஷயத்தை மாமனார் வேறு வார்த்தையில் இன்னொரு முறை சொன்னார். விசிலில் போன வரியை அம்மா அங்கே பிடித்துக்கொண்டாள். இதை மட்டமான எழுத்து என்று நானும் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. காதுக்கு எழுதுவது தனி வேலை. என்னால் அது முடியுமா என்றே எனக்குத் தெரியாது.

என் சினிமாவில் 23-வது சீன் இதற்கு நேர் எதிர். 2011 டிசம்பர் 31. முந்தின நாள் காலை புயல் கரை கடந்துவிட்டது. அப்பா தோப்புக்குள் போகிறார். வேரோடு சாய்ந்த மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே நடக்கிறார். எண்ணுகிறாரோ என்று தோன்றும், எண்ணவில்லை. பின்னால் மகள் நிற்கிறாள். ஒன்றரைப் பக்கம், ஒரு வார்த்தை கிடையாது. சீன் பேப்பரை நம்மூர் வழக்கப்படி நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் காட்சி, வலது பக்கம் வசனம் என்று எழுதுகிறேன். இந்தச் சீனில் வலது பக்கம் முழுக்க வெள்ளை. இதை சீரியலில் போட்டால் அம்மா அடுப்படியிலிருந்து, "டிவியில சத்தம் வரல, என்னான்னு பாரு" என்பாள்.

அளவையும் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் சினிமாவுக்கு 120, 150 பக்கம். அம்மா விடாமல் கேட்ட 'கோலங்கள்' 2003-இல் தொடங்கி 2009 வரை ஓடியது, ஆயிரத்து ஐந்நூறு எபிசோடுக்கு மேல். எபிசோடுக்கு இருபது நிமிடம் என்றால் ஐந்நூறு மணி நேரம், அதாவது இரண்டரை மணி நேரப் படங்கள் இருநூறு. நான் மூன்று வருடத்தில் 41 சீன்.

வேகத்துக்கு ஒரு விலையும் உண்டு. காலையில் ஷூட்டிங் என்றால் அதற்கான சீன் முந்தின ராத்திரிதான் போய்ச் சேர்கிறதாம். மாமியாராக நடிக்கிற நடிகைக்குக் காய்ச்சல் வந்தபோது நண்பனின் சீரியலில் மாமியாரைக் காசிக்கு அனுப்பி வைத்தார்கள். காய்ச்சல் நீண்டது, காசி யாத்திரையும் நீண்டது. வியாழக்கிழமை ரேட்டிங் வந்தால், ரேட்டிங் விழுந்த கதைக்கிளை வெள்ளிக்கிழமை காலி. எழுதியவன் அதற்காக வருத்தப்படக்கூட நேரமில்லை, சனிக்கிழமைக்கு எழுத வேண்டும்.

அப்புறம் விருது. விருது வாங்கும்போது என்ன பேசுவது என்று பஸ்ஸில் நின்றபடியே ஒத்திகை பார்த்திருக்கிறேன். திரைக்கதை எழுதுகிறவர்களில் பார்க்காதவர் யார்? சீரியல் என்றதும் தயங்கியதற்குப் பாதிக் காரணம் அந்த ஒத்திகைதான். சரி, அதையும் தராசில் வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

தேசியத் திரைப்பட விருதில் 2009-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து சொந்தத் திரைக்கதை, தழுவல் திரைக்கதை, வசனம் என்று தனித்தனியாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த முதல் வருடமே வசன விருது தமிழுக்கு வந்தது: 'பசங்க', பாண்டிராஜ். அடுத்த வருடம் 'ஆடுகளம்' திரைக்கதைக்கு வெற்றிமாறன். 2020-க்கு 'சூரரைப் போற்று' திரைக்கதைக்கு ஷாலினி உஷா நாயரும் சுதா கொங்கராவும், 'மண்டேலா' வசனத்துக்கு மடோன் அஸ்வின். 2023-க்கு 'பார்க்கிங்' திரைக்கதைக்கு ராம்குமார் பாலகிருஷ்ணன், ஒரு தெலுங்குப் படத்தோடு பகிர்ந்து. ஒரே வீட்டில் குடியிருக்கிற இரண்டு பேர் வண்டி நிறுத்தும் இடத்துக்குச் சண்டை போடுகிறார்கள், அவ்வளவுதான் கதை. இதைக் கேட்டபோது எனக்குத் தெம்பாகத்தான் இருந்தது.

பட்டியலை எழுதி வைத்துப் பார்த்த பிறகுதான் கண்ணில் பட்டது. இந்தப் பெயர்களில் ஷாலினியைத் தவிர மற்ற எல்லோரும் அந்தந்தப் படத்தின் இயக்குநர்கள். 'கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்' என்று ஒரே கார்டில் ஒரே பெயர் வருகிற நம் வழக்கம் விருது மேடைவரை நீள்கிறது. பக்கத்து மலையாளத்தில் வேறு மாதிரி நடக்கிறது. 2021-க்கு 'நாயாட்டு' படத்தின் திரைக்கதைக்காக விருது வாங்கிய ஷாஹி கபீர் போலீஸ் வேலையில் இருந்தவர், அந்தப் படத்தை அவர் இயக்கவில்லை. இங்கே எழுத்துக்கு விருது வாங்க வேண்டும் என்றால் ஷூட்டிங் ஸ்பாட்டில் மைக் பிடிக்கவும் தெரிந்திருக்க வேண்டும் போலிருக்கிறது. எனக்குக் கடையில் நான்கு கஸ்டமர் சேர்ந்து பேசினாலே தலை சுற்றும்.

சீரியலில் பாருங்கள், 'திரைக்கதை' என்று ஒரு பெயர், 'வசனம்' என்று இன்னொரு பெயர், அதன் பிறகு வேறொரு கார்டில் இயக்குநர். எழுத மட்டுமே தெரிந்தவனுக்குத் தனி நாற்காலி போட்டு வைத்திருப்பது அங்கேதான். இந்தக் கோணத்தில் நான் அதுவரை யோசித்ததே இல்லை.

தேசிய விருதில் சீரியலுக்கு இடமில்லை. தமிழக அரசு சின்னத்திரைக்கும் விருது கொடுக்கிறது. ஆனால் 2009 முதல் 2014 வரையிலான சினிமா விருதுகளை, சின்னத்திரை விருதுகளோடு சேர்த்து, 2022 செப்டம்பரில் ஒரே மேடையில் கொடுத்தார்கள். 2009-இல் எழுதியவர் பதின்மூன்று வருடம் கழித்து வாங்கினார். நான் ஒத்திகை பார்த்த பேச்சு அதற்குள் மறந்தே போயிருக்கும்.

ஆஸ்கர் கதை இன்னும் சுருக்கம். 'லைஃப் ஆஃப் பை' புதுச்சேரியில் தொடங்குகிற கதை, இங்கேயும் எடுத்தார்கள். 2013 பிப்ரவரியில் பதினொரு பரிந்துரையில் நான்கை வென்றது. இயக்கத்துக்கு ஆங் லீ வாங்கினார். தழுவல் திரைக்கதைக்குப் பரிந்துரையில் இருந்த டேவிட் மகீ வெறுங்கையோடு திரும்பினார். அந்தத் திங்கட்கிழமை எங்கள் பஸ்ஸில் ஆங் லீ பெயர் அடிபட்டது. மகீயை யாரும் விசாரிக்கவில்லை.

புதுச்சேரி அரசு தன் திரைப்பட விழாவில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் சிறந்த படத்துக்கு விருது கொடுக்கிறது. நாடகம் எழுதியே வாழ்ந்தவர் அவர். 1922-இல் புதுச்சேரியில்தான் காலமானார், சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார் என்பார்கள். அவர் காலத்துக் கம்பெனிகளில் எழுதுகிறவர்தான் வாத்தியார், எல்லோரும் அவர் முன்னால் கைகட்டி நின்றார்கள். இப்போது வாத்தியார் பெயரில் இருக்கிற விருதை மேடையேறி வாங்குகிறவர் இயக்குநர். குறையாகச் சொல்லவில்லை. எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

ஊரில் இன்னும் இரண்டு பேரை நினைக்காமல் இந்தக் கணக்கைப் போட முடியாது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன் சினிமாவுக்கு எழுதப் போனார், சொந்தமாகப் படக் கம்பெனிகூட ஆரம்பித்தார். 'ராஜமுக்தி'க்காகப் புனேயில் இருந்தபோது காசநோய் முற்றியது. 1948-இல், 42 வயதில் போய்விட்டார். எங்கள் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் 'உன்னைப்போல் ஒருவன்' கதையைத் தானே இயக்கினார், 12-வது தேசிய விருதில் அதற்குச் சான்றிதழும் கிடைத்தது. எழுதினதை எழுதினபடி எடுக்க அவரும் இயக்குநராகத்தான் வேண்டியிருந்தது. இரண்டு பேருமே இந்தத் தெருக்களைச் சேர்ந்தவர்கள் என்பதால் என் கதை அவர்கள் கதை ஆகிவிடாது. ஆனாலும் ராத்திரியில் நினைவுக்கு வருகிறார்கள்.

இனி தினமும் எழுதுகிற விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மேஜை, நாற்காலி எல்லாம் பஸ்தான். காலை ஏழேகால் வண்டி. ஆல்பேட்டையில் பெண்ணையாற்றுப் பாலம் தாண்டும்போது நோட்டைத் திறந்தால், ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம் என்று தவளக்குப்பம்வரை எழுதலாம். அரியாங்குப்பத்தில் கூட்டம் ஏறினால் மூடிவிட வேண்டியதுதான். மாலையில் திரும்பும்போதும் எழுதிப் பார்த்தேன். புதுச்சேரி எல்லையான முள்ளோடையில் சரக்கு போட்டுவிட்டு ஏறுகிறவர்களுக்கு அடுத்தவன் நோட்டைப் படித்துக் கருத்துச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒருவர் என் நாயகியின் அப்பாவுக்காக அழுதே விட்டார். அதோடு மாலை எழுத்தை நிறுத்தினேன்.

முதலில் நேரக் கணக்கு வைத்தேன்: தினமும் முக்கால் மணி நேரம். மூன்று மாதத்தில் பதினொரு சீன் வந்தது. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்ப்பதையும் எழுத்துக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது இதிலிருக்கிற ஓட்டை. அப்புறம் பக்கக் கணக்குக்கு மாறினேன்: நாளைக்கு ஒரு பக்கம், நல்லதோ கெட்டதோ. அடுத்த மூன்று மாதத்தில் பத்தொன்பது சீன், அதில் ஏழைக் கிழித்துப் போட்டேன். பன்னிரண்டு மிச்சம். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பீர்கள். எனக்கு இருக்கிறது. அந்த ஏழையும் எழுதிப் பார்த்ததால்தான் அப்பா பேசக்கூடாது என்று எனக்குத் தெரிந்தது. 23-வது சீனில் முதலில் அவர் ஒரு பக்கம் நிறையப் புலம்பிக்கொண்டிருந்தார்.

பக்கமோ நேரமோ, என் 42-வது சீனுக்காக இந்த உலகத்தில் ஒருவரும் காத்திருக்கவில்லை. நாளைக்கு எழுதாவிட்டால் கேட்பாரில்லை. நண்பன் சொல்கிற இடத்தில் காலை ஏழு மணிக்கு லைட் போட்டு, மேக்கப் போட்டு, முப்பது பேர் காகிதத்துக்காக நிற்பார்கள். எனக்கு அது பயமாகவும் இருக்கிறது, ஆசையாகவும் இருக்கிறது.

சம்பளம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடையில் ஐந்தாம் தேதி கைக்கு வந்துவிடுகிறது. நண்பனுக்குப் பழைய கம்பெனி ஒன்றிலிருந்து நான்கு மாதப் பாக்கி இன்னும் வரவில்லை. சென்னை வாடகையையும் சேர்த்தால் சீரியல் தட்டு மேலே போய்விடுகிறது.

இருந்தும் என் மனசு சீரியல் பக்கம்தான் சாய்கிறது, ஆறு மாதத்துக்கு. விருதுக் கணக்கைப் போட்டுப் பார்த்திராவிட்டால் சாய்ந்திருக்காது. 23-வது சீனை விட்டுக்கொடுக்கிற எண்ணம் இல்லை. அந்த நோட்டும் சென்னைக்கு வரும். அங்கே எந்த பஸ்ஸில் எழுதுவது என்பதுதான் தெரியவில்லை.

இதைச் சொன்னதும் நண்பன், "முதல்ல ஒரு சீன் எழுதி அனுப்பு, பார்க்கணுமாம்" என்றான். மாமியார், மருமகள், அடகுக் கடை ரசீது. மூன்று பக்கம். காலை எட்டு மணிக்குள் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்ப வேண்டும். ராத்திரி எழுதி வைத்து, காலையில் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, அடுப்படி வாசலில் நின்று சத்தமாகப் படித்தேன். அம்மா திரும்பவில்லை, தோசையை ஊற்றிக்கொண்டே கேட்டாள். முடித்ததும் கேட்டாள்: "எல்லாம் சரி, அந்தப் பொண்ணு எதுக்குடா அழுவுது?"

ரசீது மாமியாரின் முந்தானை முடிச்சில் இருப்பதை மருமகள் பார்த்துவிட்டாள். அதை நான் இடது பக்கத்தில் எழுதியிருந்தேன்.

இரண்டாம் பக்கத்தைக் கிழித்துவிட்டு உட்கார்ந்தேன். மணி ஏழேகால். நான் வழக்கமாக ஏறுகிற வண்டி கிளம்பியிருக்கும்.