இடுப்பு வலிக்காரன் பார்வையில் ஒரு கிருஷ்ணகிரி ஜிம்

கிருஷ்ணகிரியில் பெங்களூரு சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், இரும்புக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருக்கும் உடற்பயிற்சிக் கூடத்தில் நான் சேர்ந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. மூன்று மாதச் சந்தா 3,000 ரூபாய். தொடை பருக்க வேண்டும், இடுப்பு மறுபடியும் பிடித்துக்கொள்ளக் கூடாது என்ற ஒரே நோக்கத்தோடுதான் சேர்ந்தேன். மார்புக்கும் புஜத்துக்கும் இந்தக் கூடம் எப்படி என்பதை வேறு யாராவது எழுதட்டும். நான் காலைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் கூடத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

எனக்கு வயது 39. வேலை ஓசூரில். கம்பெனிப் பேருந்தில் போக வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இடையில் எட்டு மணி நேரம் நாற்காலி. மூன்று ஆண்டுகளுக்கு முன் கேஸ் சிலிண்டரைக் குனிந்து நகர்த்தியபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு இடையிலான வட்டு பின்பக்கமாகச் சற்றுப் பிதுங்கியிருந்தது. அறுவை தேவையில்லை, நடையை விடாதீர்கள், குனிந்து பளு தூக்காதீர்கள் என்றார் மருத்துவர். நானோ அதைப் பளுவே தூக்கக் கூடாது என்று புரிந்துகொண்டு இரண்டு ஆண்டுகளை நடையிலேயே கழித்தேன். வேட்டியை மடித்துக் கட்டினால் கொக்கு நிற்பதுபோல இருக்கிறது என்று வீட்டில் கேலி செய்யும் அளவுக்குக் கால் இளைத்துவிட்டது. மறுபடியும் அதே மருத்துவரிடம் கேட்டு, பயிற்சி செய்யலாம் என்று அவர் சொன்ன பிறகே இங்கே வந்தேன்.

முதல் நாள் அனுபவம் நன்றாக இல்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்று பணியில் இருந்த இளம் பயிற்சியாளர், "ஸ்குவாட் போடாம கால் வராது சார்" என்று சொல்லி, நான் இடுப்பு வலியைப் பற்றிச் சொன்னதைக் காதில் வாங்காமல், தோளில் கம்பியை ஏற்றிவிட்டார். மூன்று செட் வரை, அதாவது இடையில் நிறுத்தாமல் செய்யும் மூன்று சுற்றுகள் வரை, ஒன்றும் ஆகவில்லை. நான்காவது செட்டில், பன்னிரண்டாவது முறை இறங்கும்போது, இடுப்பு அடியில் சுருண்டு உள்ளே மடங்கியதை நானே உணர்ந்தேன். மறுநாள் காலையில் செருப்பு வாரை மாட்டக்கூடக் குனிய முடியவில்லை.

தோளில் கம்பி வைத்து உட்கார்ந்து எழும் பயிற்சியைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. முதுகு நன்றாக இருப்பவர்களுக்கு அதைப் போலப் பலன் தரும் பயிற்சிகள் குறைவு. ஆனால் அதில் எடை முழுவதும் முதுகெலும்பின் வழியாகத்தான் காலுக்கு இறங்குகிறது. உடல் முன்னால் சாயச் சாய, இடுப்பைத் தாங்கும் தசைகள் அதிகம் உழைக்க வேண்டியிருக்கிறது. செட்டுகளின் எண்ணிக்கை கூடும்போது என்னைப் போன்றவனுக்குத் தொடை களைப்பதற்கு முன்பே இடுப்பு களைத்துவிடுகிறது. அதன் பிறகு செய்யும் ஒவ்வொரு முறையும் தொடைக்குப் பாதிப் பயன், இடுப்புக்கு முழு ஆபத்து. அதனால் இடுப்பு வலிக்காரன் ஒரு ஜிம்மைப் பார்க்கப் போனால், அங்கே எவ்வளவு எடை இருக்கிறது என்று எண்ணுவதைவிட, இடுப்பைத் தொந்தரவு செய்யாமல் தொடையை மட்டும் களைக்க வைக்க எத்தனை வழிகள் இருக்கின்றன என்று எண்ணுவதே முறை. இந்தக் கூடத்தில் அப்படி மூன்று வழிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று வெகு அருமையானது.

பத்து நாள் ஓய்வுக்குப் பிறகு, சந்தாவைத் திருப்பிக் கேட்கும் எண்ணத்தோடுதான் போனேன். அப்போது கூடத்தின் உரிமையாளர் இருந்தார். எல்லாரும் அவரை மாஸ்டர் என்றே அழைக்கிறார்கள். ஸ்கேன் அறிக்கையைக் கொண்டுவரச் சொல்லிப் படித்துப் பார்த்தார். வலி இடுப்போடு நிற்கிறதா, காலுக்கு இறங்குகிறதா, மரத்துப்போகிறதா என்று கேட்டார். கால் மரத்து வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாட்டில் மாற்றம் தெரிந்தாலோ இங்கே வராமல் நேராக மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும் என்று முதலிலேயே சொன்னார். ஜிம் நடத்துபவர் ஒருவர் வராதே என்று சொல்லும் தருணத்தைத் தெரிந்து வைத்திருப்பதே எனக்கு நம்பிக்கை தந்தது.

பிறகு மூலையில் இருந்த ஒரு சட்டத்தைக் காட்டினார். பெரிய ஊர்களில் பெல்ட் ஸ்குவாட் என்று விலை உயர்ந்த இயந்திரமாக விற்பதை, இவர் படம் பார்த்து உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்து வாங்கியிருக்கிறார். இரண்டு உயரமான மேடைகள், நடுவே இடைவெளி, ஒரு நெம்புகோல், அதன் நுனியில் பிளேட் மாட்டும் தண்டு, நெம்புகோலிலிருந்து மேலே வரும் சங்கிலி. அகலமான பெல்ட்டை இடுப்பெலும்பின் மேல் கட்டிக்கொண்டு, சங்கிலியைக் கொக்கியில் மாட்டி, மேடைகளின் மேல் நின்று முன்னால் இருக்கும் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்து எழ வேண்டும். எடை இடுப்பெலும்பிலிருந்து கீழ்நோக்கித் தொங்குவதால், அதற்கு மேலே இருக்கும் முதுகெலும்புக்கு அந்தச் சுமை ஏறுவதில்லை. கைப்பிடி இருப்பதால் உடலை நிமிர்த்தி வைத்துக்கொள்ளலாம். தாத்தா காலத்துப் பஸ்கியின் நடுவில் எடையைத் தொங்கவிட்டதுபோல என்று சொன்னால் நம் ஊரில் சட்டென்று புரியும். முதல் முறை 20 கிலோவில் 20 முறை செய்துவிட்டு இறங்கியபோது தொடை நடுங்கியது; இடுப்பில் களைப்பின் சுவடே இல்லை.

இதிலும் குறை உண்டு. பிளேட் மாட்டும் தண்டு தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் இருப்பதால், 20 கிலோ பிளேட்டைக் குனிந்துதான் மாட்ட வேண்டும். இடுப்பைக் காப்பாற்றும் கருவியில் எடை ஏற்றப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டால் அதைப்போல் வேடிக்கை வேறில்லை. நான் ஒரு காலை மண்டியிட்டு, 10 கிலோ பிளேட்டுகளாக மாட்டுகிறேன். பெல்ட்டின் ஓரம் 80 கிலோவைத் தாண்டினால் இடுப்பெலும்பில் உறுத்துகிறது. உள்ளே துண்டை மடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, லெக் பிரஸ். 45 பாகைச் சாய்வில் ஓடும் வழக்கமான இயந்திரம். இதில் முதுகு சாய்மானத்தில் படிந்திருப்பதால் ஆபத்தே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. முழங்கால் மார்பை நெருங்கும்வரை இறக்கினால், பிட்டம் இருக்கையிலிருந்து எழும்பி, இடுப்பு வளைந்து, பிதுங்கிய வட்டின் மேல்தான் அழுத்தம் விழும். பிட்டம் எழும்பத் தொடங்கும் இடத்துக்கு இரண்டு விரல் முன்பே நிறுத்திவிட வேண்டும் என்று மாஸ்டர் சொல்லி, தண்டவாளத்தில் எனக்கென்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். சாய்வுத் தண்டவாளத்தில் 100 கிலோ ஏற்றினால் காலுக்கு உறைப்பது ஏறத்தாழ 70 கிலோதான் என்பதையும் இங்கே பெருமையடிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். இயந்திரத்தின் வலப்பக்கப் பாதுகாப்புக் கொக்கி தேய்ந்திருக்கிறது. சில சமயம் முதல் தடவையில் மாட்டுவதில்லை. நான்கு மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் மாற்றவில்லை. இந்தக் கூடத்தின் மேல் எனக்கு உள்ள பெரிய வருத்தம் இதுதான்.

மூன்றாவது, உட்கார்ந்து காலை நீட்டும் லெக் எக்ஸ்டென்ஷன். சாதாரண இயந்திரம்தான், ஆனால் இதை முதலில் செய்யச் சொன்னது நல்ல யோசனை. தொடையை இதிலேயே பாதி களைக்க வைத்துவிட்டால், பிறகு லெக் பிரஸ்ஸில் குறைந்த எடையே மலைபோலத் தெரியும். அந்த அளவுக்கு இடுப்புக்கும் நிம்மதி.

எடையைக் குறைத்தால் தசை வளருமா என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. ஒருவரால் ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய எடையில் 30 சதவீத அளவை எடுத்துக்கொண்டு, இனி முடியாது என்னும் எல்லைவரை செய்தால், கனமான எடை தருவதற்கு நிகரான தசை வளர்ச்சி கிடைக்கிறது என்பதை 2012 முதல் வெளிவந்த பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வலிமை கூடுவதற்குத்தான் கனமான எடை தேவை. பருமன் கூட அது கட்டாயமில்லை. அதேபோல, ஒரு தசைக்கு வாரம் பத்து செட்டுகளோ அதற்கு மேலோ செய்பவர்களுக்குக் குறைவாகச் செய்பவர்களைவிட வளர்ச்சி கூடுதலாக இருப்பதை தசை வளர்ச்சி ஆய்வாளர் ஷோன்ஃபெல்டும் அவருடைய குழுவினரும் 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்னார்கள். இடுப்பு வலிக்காரனுக்கு இந்த இரண்டும் சேர்ந்து கிடைத்த வரம். எடையில் செலவழிக்க முடியாததை எண்ணிக்கையில் செலவழிக்கலாம்.

ஆனால் எடுத்த எடுப்பிலேயே இருபது செட் போட மாஸ்டர் விடவில்லை. முதல் மாதம் முன்தொடைக்கு வாரம் ஆறு செட்தான். இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒருமுறை, இடுப்பு எந்தப் புகாரும் சொல்லாமல் இருந்தால் மட்டும், இரண்டு செட் கூட்டினோம். இப்போது செவ்வாயும் வெள்ளியும் சேர்த்து 16 செட் செய்கிறேன். ஒவ்வொன்றிலும் 15 முதல் 25 முறை. தொடங்கும் முன் பத்து நிமிடம், முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைக்கும் மூன்று பயிற்சிகள்: இடுப்பை வளைக்காமல் தலையையும் தோளையும் லேசாக உயர்த்துவது, பக்கவாட்டில் முழங்கையில் நிற்பது, நாலு காலில் நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது. பார்க்கச் சிறுபிள்ளை விளையாட்டுப்போல இருக்கும். இவற்றைத் தவிர்த்த நாள்களில் என் இடுப்பு அதைக் கண்டுபிடித்துவிடுகிறது.

பின்தொடைக்கு இந்தக் கூடம் போதாது. குப்புறப் படுத்துச் செய்யும் லெக் கர்ல் மட்டுமே இருக்கிறது. அதில் எடை சற்றுக் கூடினாலும் பிட்டம் மேலே எழும்பி இடுப்பு பின்னோக்கி வளைகிறது. அடிவயிற்றின் கீழ் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துச் சமாளிக்கிறேன். உட்கார்ந்து செய்யும் வகையில் பின்தொடைத் தசை நீண்ட நிலையிலேயே உழைப்பதால் வளர்ச்சி கூடுதல். ஜப்பானிய ஆய்வாளர் சுமியாகி மாயோவின் குழுவினர் 2021-இல் வெளியிட்ட 12 வார ஆய்வில், உட்கார்ந்து செய்த காலில் பின்தொடைத் தசையின் கன அளவு 14 சதவீதமும், படுத்துச் செய்த காலில் 9 சதவீதமும் கூடியிருந்தது. அந்த இயந்திரம் ஒன்றை வாங்குங்கள் என்று மாஸ்டரிடம் கேட்டால், இந்த ஊரில் அதை யார் செய்கிறார்கள் என்று சிரிக்கிறார். பெல்ட் ஸ்குவாட் சட்டத்தையும்தான் யாரும் கேட்கவில்லை.

நேரத்தைப் பற்றி: கூடம் காலை ஐந்தரைக்குத் திறக்கிறது, அப்போது கூட்டமே இருக்காது. ஆனாலும் நான் காலையில் போவதில்லை. இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது முதுகு வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த சில மணி நேரம் அவை வளைவதற்கு அதிகம் எதிர்ப்புக் காட்டும். விடியற்காலையில் குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு நாள்பட்ட இடுப்பு வலி குறைந்ததை 1998-இல் வெளிவந்த ஸ்னூக் குழுவினரின் ஆய்வு காட்டியது. மாலை ஆறிலிருந்து எட்டுவரை லெக் பிரஸ்ஸுக்கு வரிசை நிற்கிறது. பாட்டுச் சத்தத்தில் எண்ணிக்கை மறந்துபோகிறது. பேருந்திலிருந்து இறங்கி, வீட்டில் களியும் கொள்ளுக் குழம்பும் சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து, எட்டரைக்கு மேல் போகிறேன். பத்து மணிக்கு விளக்கை அணைக்கும்வரை இயந்திரங்கள் நமக்கே.

வரவேற்பு மேசையில் புரோட்டீன் பவுடரை விற்கும் தொல்லை இருக்கிறது. இரண்டு முறை வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறார்கள். விடாதது சந்தா விதி. நான்காவது மாதம் பேருந்துப் பயணத்தால் வலி வந்து மூன்று வாரம் வர முடியாமல் போனபோது, அந்த நாள்களை நீட்டித்துத் தர மறுத்துவிட்டார்கள். இடுப்பு வலிக்காரனுக்கு ஆண்டுச் சந்தா ஏற்றதல்ல, மாதச் சந்தா கூடுதலாக இருந்தாலும் அதுவே லாபம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

சேர்ந்தபோது தொடையின் சுற்றளவு 51 சென்டிமீட்டர். போன வாரம் அளந்தபோது 54.5. பெல்ட் ஸ்குவாட்டில் 20 கிலோவில் தொடங்கி இப்போது 90 கிலோவில் 18 முறை செய்கிறேன். இளம் பயிற்சியாளரை மட்டும் நம்பிச் சேர்வதாக இருந்தால் இந்தக் கூடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாஸ்டர் இருக்கும் நேரத்தில், ஸ்கேன் அறிக்கையோடு போய்ப் பேசிவிட்டுச் சேர்வதாக இருந்தால் தாராளமாகச் சேரலாம். படிக்கட்டு ஒன்றுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை இரவு 16-ஆவது செட்டை முடித்துவிட்டு அந்தச் செங்குத்தான இருபத்திரண்டு படிகளை இறங்கும்போது, பிடித்துக்கொள்ள ஒரு பக்கமாவது கம்பி வைத்துத் தரலாம். கீழே இரும்புக் கடைதானே இருக்கிறது.